சிலுவை இல்லாத கண்ணீர் அஞ்சலி

எங்கள் ஆயா இறந்த அன்று இரவு பதினோரு மணிக்கு மாமாவும் நானும் போஸ்டர் அடிக்கும் கடையில் உட்கார்ந்திருந்தோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் ஆயாவின் படத்தை வெட்டியெடுத்து, பின்னால் வானமும் மேகமும் வைத்து, "கண்ணீர் அஞ்சலி" என்று பெரிதாகப் போட்டான். பிறகு திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "மேல சிலுவை போடட்டாண்ணா, ஓம் போடட்டா?"

மாமா உடனே பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். கடைசியில், "ரெண்டும் வேணாம் தம்பி. ரெண்டு பக்கமும் பூ மட்டும் போடு" என்றார்.

பையன் பூ போட்டான். எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தவர் எங்கள் ஆயா. படுக்கையில் விழுந்த கடைசி மூன்று மாதம் தவிர ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிட்டவர் அல்ல. செபமாலை கழுத்தில் இல்லாமல் தூங்கியவர் அல்ல. அவருடைய சாவுப் போஸ்டரில் ஒரு சிலுவை இல்லை. ரோஜாப்பூ இருந்தது.

இந்தப் பதிவில் ஆயாவின் பெயர் இல்லை. ஊர்ப் பெயர் இல்லை, பங்கின் பெயர் இல்லை. எழுதினால் என் சொந்தக்காரர் ஒருவரின் வேலைக்கும், இன்னொரு பிள்ளையின் கல்லூரி இடத்துக்கும் ஆபத்து வரலாம். செத்துப்போன ஒரு கிழவியின் பக்தியைப் பற்றி எழுத இவ்வளவு பயப்பட வேண்டியிருக்கிறது. அது ஏன் என்பதைத்தான் தோழர்களோடு பேச விரும்புகிறேன்.

நடவில் சொன்ன செபம்

ஆயா சுதந்திரத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, சேரியில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. உபதேசியார் சாயங்காலத்தில் சேரிக்கு வந்து வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்த மந்திரங்கள்தான் அவர் படித்த படிப்பு. பூசை லத்தீனில் நடந்த காலத்தில் அர்த்தம் தெரியாமலே பதில் சொல்லப் பழகியவர். 1960களில் பூசை தமிழுக்கு வந்தபோது, "அட, இத்தன நாளா இதத்தான் சொல்லிக்கினு இருந்தமா" என்று சிரித்ததாக எங்களிடம் சொல்வார்.

தாத்தா சீக்கிரம் போய்விட்டார். நான்கு பிள்ளைகளை ஆயாவின் கைகள்தான் வளர்த்தன. நடவு, களை, அறுப்பு, மல்லாட்டை பிடுங்குவது, மழைக்காலத்தில் செங்கல் சூளை இல்லாதபோது அடுத்தவர் வீட்டு நெல் புடைப்பது. நாற்றைப் பிடித்த கையில் செபமாலை உருட்ட முடியாது. அதனால் நட்ட வரிசையைக் கணக்கு வைத்து, ஒரு வரிசைக்கு ஒரு பத்து என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போவாராம். 53 மணிச் செபம் முடியும்போது முதுகு நிமிரும். பக்கத்தில் நடும் பெண்கள், "இன்னாக்கா, மாதா வந்து களை எடுப்பாங்களா?" என்று கேலி பேசுவார்கள். "அவங்க புள்ளயும் கூலிக்காரன்தான்டீ" என்பார் ஆயா. தச்சுவேலை செய்தவன் கூலிக்காரன்தானே.

பிள்ளைகளை மிஷன் விடுதியில் சேர்த்துப் படிக்கவைத்தார். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்த விடுதி இல்லாமல் மாமா இல்லை, என் அப்பா இல்லை, இதை எழுதும் நானும் இல்லை. அதே பங்கில், அதே கோயிலுக்குள், ஆயா உட்கார்ந்த இடம் எது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. சிலுவை வடிவக் கோயில். நடுப்பகுதி ஊர்த் தெருக்காரர்களுக்கு. இடது கைப் பக்கம் எங்களுக்கு. அங்கே பலகை எதுவும் மாட்டியிருக்கவில்லை. பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். நன்மை வாங்கப் போவதும் அந்த வரிசைப்படிதான்.

பெரிய வியாழன் அன்று சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். பன்னிரண்டு பேரும் ஊர்த் தெருவிலிருந்துதான் வருவார்கள். ஒரு வருடம் ஆயா நேராக சாமியாரிடம் போய்க் கேட்டிருக்கிறார்: "பன்னெண்டு அப்போஸ்தலர்ல எங்க தெருக்காரன் ஒருத்தன்கூட இல்லயா சாமி?" அந்த சாமியாருக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். அடுத்த வருடம் காலனியிலிருந்து ஒருவரைக் கடைசி நாற்காலியில் உட்காரவைத்தார். அதைப் பார்த்த ஊர்க்காரர்களில் மூன்று பேர் எழுந்து போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்து ஆயா சொன்னது எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் பழமொழி: "யூதாஸ் ஒருத்தன்னு நெனச்சேன். மூணு பேராம்."

வருடா வருடம் வேளாங்கண்ணிக்கு நடந்தே போவார். காவிச் சேலை, கையில் கொடி, வழியெல்லாம் பாட்டு. ஏன் ஆயா, நம்ம கோயிலிலும் மாதாதானே இருக்கிறார் என்று சின்ன வயதில் கேட்டேன். "அங்க கூட்டத்துல யாரும் எந்தத் தெருன்னு கேக்க மாட்டாங்க" என்றார். அவருடைய யாத்திரையின் காரணம் அது. பாதம் வெடிக்க நடந்துபோய்ச் சேர்ந்த பிறகு, மாதாவின் முன்னால் சில நிமிடம் சாதி இல்லாமல் நிற்கலாம்.

டிரங்குப் பெட்டிக்குள் போன மாதா

மாமா பள்ளிப்படிப்பை முடித்தபோது வீட்டில் ஒரு முடிவெடுத்தார்கள். என் அப்பாவுக்கு ஏற்கெனவே கிறிஸ்தவர் என்று சான்றிதழ் வாங்கியாகிவிட்டது. அவர் பி.சி. மாமாவுக்கு இந்து ஆதிதிராவிடர் என்று கேட்டு மனு போட்டார்கள். விசாரணைக்குக் கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வருகிறார் என்று சேதி வந்தது.

ஆயா சுவரில் இருந்த திரு இருதய ஆண்டவர் படத்தைக் கழற்றினார். மாடத்தில் இருந்த மாதா சொரூபத்தை எடுத்தார். இரண்டையும் தன் கல்யாணச் சேலையில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கழுத்திலிருந்த செபமாலையைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டார். ஆணி அடித்த இடத்தில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த பிள்ளையார் காலண்டரை மாட்டினார். அதிகாரி வந்தார், திண்ணையில் உட்கார்ந்தார், கலர் குடித்தார், காலண்டரைப் பார்த்தார், எழுதிக்கொண்டு போனார்.

அன்று இரவு ஆயா சாப்பிடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைகள் எல்லாம் ஒருசந்தி இருந்தார். எத்தனை வெள்ளி என்று எங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் தெரியும், அவர் சொல்ல மாட்டார்.

இந்த வீட்டைப் பாருங்கள் தோழர்களே. ஒரே தெரு. ஒரே பங்கு. கோயிலில் ஒரே இடது பக்கம். அப்பா பி.சி. மாமா எஸ்.சி. என் சித்தி மகளைச் சாதி சொல்லி அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். என்னை அதே ஆள் அதே சொல்லைச் சொல்லி அடித்தால் வராது. அடிக்கிறவன் சான்றிதழ் பார்த்தா அடிக்கிறான்?

அரசு கேட்ட ஆதாரம்

இந்தக் கூத்துக்குப் பெயர் அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை, 1950. அதன் மூன்றாவது பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990இல் பவுத்தர்களைச் சேர்த்தார்கள். மதம் மாறினாலும் தீண்டாமை விடாது என்று அரசே இரண்டு முறை ஒப்புக்கொண்டது. கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள் என்று வரும்போது மட்டும் அந்த அறிவு மறந்துபோகிறது.

சூசை என்ற பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? சென்னையில் சாலையோரம் உட்கார்ந்து செருப்பு தைத்தவர். மத்திய அரசின் திட்டத்தில் செருப்புத் தொழிலாளிகளுக்கு இலவசமாகப் பங்க் கடை கொடுத்தார்கள். பட்டியல் சாதி இந்துக்களுக்குக் கிடைத்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து அதே தோலை அதே ஊசியால் தைத்த சூசைக்குக் கிடைக்கவில்லை, ஏனென்றால் அவர் கிறிஸ்தவர். உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தோற்றார். நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: இந்து சமூக அமைப்பில் இருந்த அதே அளவு கொடுமை கிறிஸ்தவ சமூகத்துக்குள்ளும் தொடர்கிறது என்று காட்டப் போதுமான ஆதாரம் முன்வைக்கப்படவில்லை.

ஆதாரம். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருகிறேன்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? மூன்றாவது பத்தியை நீக்கி, பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்கவேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2009இல் நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். வைத்த இடத்திலேயே இருக்கிறது. 2004இல் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் வயதாகிக்கொண்டு கிடந்தது. 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டு, இரண்டு ஆண்டு கெடு வைத்து, பிறகு கெடுவை நீட்டினார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கேட்டுத் தீர்மானம் போட்டது. தீர்மானத்தால் சான்றிதழ் கிடைக்காது.

தமிழ்நாடு அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலைப் போய்ப் பாருங்கள். எத்தனை தலைமுறைக்கு முன்னால் மாறியிருந்தாலும், பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர் என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. உதவித்தொகை விண்ணப்பத்தில் "மதம் மாறிய கிறித்துவ ஆதிதிராவிடர்" என்று எழுதியிருக்கும். ஆக, நாங்கள் யார் என்று அரசுக்குத் தெரிகிறது. தெரிந்துகொண்டேதான் உரிமையை மறுக்கிறது.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. எஸ்.சி. சான்றிதழ் கேட்டவர் அவர். குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டதும், ஆலயத்துக்குப் போய்வருவதும் அவருக்கு எதிரான ஆதாரங்களாயின. நம்பிக்கை இல்லாமல் இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்புச் சட்டத்தின் மீது செய்யும் மோசடி என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பைப் படித்த எங்கள் வீட்டில் அன்று யாரும் பேசவில்லை. போஸ்டர் கடையில் மாமா தரையைப் பார்த்தது இதனால்தான்.

மாமா பொய் சொன்னாரா? தன் சாதியைப் பற்றி அவர் சொன்னது முழு உண்மை. அவருடைய அம்மா கோயிலில் எங்கே உட்கார்ந்தார் என்று ஊரைக் கேட்டால் ஊரே சாட்சி சொல்லும். மதத்தைப் பற்றிய உண்மையைச் சொன்னால் சாதியைப் பற்றிய உண்மை செல்லாது என்று சட்டம் எழுதியவர்கள்தான் மோசடிக்குப் பதில் சொல்ல வேண்டும். என் ஆயாவை அரிசிப் பானைக்குள் செபமாலையை ஒளிக்கவைத்தவர்கள் அவர்கள்.

பொறுமையின் சிகரமாம்

மறுநாள் அடக்கம். ஆயாவின் உடல் ஊர்த் தெரு வழியாகக் கோயிலுக்குப் போகவில்லை. எங்கள் பிணங்கள் போவதில்லை. ஏரிக்கரை சுற்றிப் போய்ப் பின்பக்கமாக வந்து சேர வேண்டும். நேர்வழியில் பத்து நிமிடம். இந்த வழியில் முக்கால் மணி நேரம். வேளாங்கண்ணி வரை நடந்தவரை அவர் சொந்தக் கோயிலுக்குள் கொண்டுபோக ஊரைச் சுற்ற வேண்டியிருந்தது.

பங்கு சாமியார் இளைஞர். கெட்ட மனிதர் அல்ல. மறையுரையில் ஆயாவை வாயாரப் புகழ்ந்தார். பக்தியுள்ள தாய், முன்மாதிரியான பாட்டி, எதையும் தாங்கிக்கொண்ட பொறுமையின் சிகரம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதைத் தாங்கிக்கொண்டார் சாமி? அதைச் சொல்ல உங்கள் வாய்க்கு என்ன வந்தது? அவர் தாங்கிக்கொண்டது உங்கள் கோயிலின் இடது பக்கத்தை. அவர் எங்கே தாங்கிக்கொண்டார்? பன்னிரண்டு நாற்காலியைப் பற்றிக் கேள்வி கேட்டவர் அவர். அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, பொறுமையை மட்டும் சவப்பெட்டி மேல் வைத்துவிட்டீர்கள்.

பிறகு கல்லறைத் தோட்டம். நடுவில் இடுப்பளவுச் சுவர். இந்தப் பக்கம் அவர்கள், அந்தப் பக்கம் நாங்கள். சவக்குழிக்குள் போன பிறகும் ஆயாவுக்குச் சாதி இருக்கிறது.

எங்கள் பங்கில் மட்டும் நடக்கிற கதை என்று நினைக்காதீர்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சுவர் நாடறிந்தது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்கள் சகாய மாதா ஆலயத்தைத் தனிப் பங்காக்கக் கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது மோதலாக வெடித்து, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். தனிப் பங்கு கேட்கும் அளவுக்கு அவர்களைத் தள்ளியது என்ன? சாவு ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம் என்பது உட்பட, நான் மேலே எழுதிய அதே விஷயங்கள்தான்.

திருச்சபைக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காலத்திலிருந்து, உயர்த்திக்கொண்ட சாதிகளுக்கு ஒரு வகைக் குருக்கள், ஒடுக்கப்பட்டவர்களுக்கு வேறு வகைக் குருக்கள் என்று ஏற்பாடு செய்த சபை இது. சாதியோடு சமாதானம் செய்துகொண்டுதான் இங்கே வேதம் பரவியது. 2003இல் போப் இரண்டாம் ஜான் பால் தமிழ்நாட்டு ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. இந்தியாவின் 1.9 கோடி கத்தோலிக்கர்களில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்றும் அதில் ஒப்புக்கொண்டது. 2022இல்தான் ஒரு தலித், ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா, முதன்முதலாகக் கர்தினால் ஆனார். மகிழ்ச்சி. ஆனால் கர்தினால் தொப்பி ரோமிலிருந்து வந்துவிட்டது, எங்கள் கல்லறைச் சுவர் இன்னும் அங்கேயே நிற்கிறது.

சுவரை இடிக்க முடியாது, ஊர் எரியும் என்பார்கள். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. கௌசானல் என்ற பாதிரியார் 1910இல் அதை இடித்துத் தள்ளினார். நூறு ஆண்டுக்கு முன்னால் ஒரு பங்கு சாமியாரால் முடிந்தது, மறைமாவட்டமும் நிலமும் பள்ளியும் கல்லூரியும் கையில் வைத்திருப்பவர்களால் ஏன் முடியவில்லை? ஒவ்வொரு மாலையும் திருச்சபை தன் செபத்தில் மரியாளின் பாடலைச் சொல்கிறது. அதிகாரத்தில் இருப்பவர்கள் கீழே தள்ளப்படுவதையும் பசித்தவர்கள் நிறைவடைவதையும் பற்றிய பாடல் அது. சொல்கிறவர்களின் காதில் அது விழுகிறதா?

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கல்லறைத் தோட்டத்தில் ஆயா தலித். தாலுகா அலுவலகத்தில் ஆயா தலித் இல்லை. கோயில் அவரைச் சாதி சொல்லிப் பிரிக்கிறது, அரசு அவரை மதம் சொல்லித் தள்ளுகிறது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சாக்கு. "எங்களிடம் சாதி இல்லை என்பதுதானே கிறிஸ்தவம்" என்று மேடையில் பேசும் ஒவ்வொரு பிரசங்கமும் டெல்லியில் எங்களுக்கு எதிரான வாதமாகிறது. எங்களுக்காக டெல்லியில் கறுப்பு தினம் நடத்தும் ஆயர்கள், முதலில் தங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கடப்பாரையை எடுக்கட்டும். சட்டப் போராட்டத்துக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

மூன்று பேருக்குப் பதில்

முதலில் காவிக்காரர்களுக்கு. "பார்த்தாயா, அங்கேயும் சாதி இருக்கிறது, தாய்மதம் திரும்பு" என்று இந்தப் பதிவைக் காட்டி எழுதுவீர்கள். எங்கள் கல்லறைச் சுவரின் செங்கல் உங்கள் சூளையில் வெந்தது. அதைக் காட்டி எங்களை அந்தச் சூளைக்கே கூப்பிடாதீர்கள்.

இரண்டாவது, நம் சொந்தத் தோழர்களில் சிலருக்கு. தலித் கிறிஸ்தவர்களைச் சேர்த்தால் இருக்கிற இடத்தில் பங்குக்கு வருவார்கள், மிஷன் பள்ளியில் படித்தவர்கள் முந்திக்கொள்வார்கள் என்று பயப்படுகிறீர்கள். இந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். தமிழ்நாட்டில் எஸ்.சி. ஒதுக்கீடு 18 விழுக்காடு. 2011 கணக்கெடுப்பிலேயே எஸ்.சி. மக்கள்தொகை 20 விழுக்காட்டைத் தொட்டுவிட்டது. இருப்பதே குறைவு. ஆகவே நம் கோரிக்கை ஒன்றாக இருக்கட்டும்: பி.சி. பட்டியலில் எங்கள் எண்ணிக்கைக்கு உரிய பங்கோடு எங்களை இந்தப் பக்கம் மாற்று, மொத்த விழுக்காட்டையும் மக்கள்தொகைக்கு ஏற்ப உயர்த்து. ஒரு சேரிக்குள் இரண்டு பட்டியல் போட்டு, யார் யாருடைய சோற்றைத் தின்கிறார் என்று நம்மைச் சண்டைபோட வைத்தவன் வேறு எங்கோ உட்கார்ந்திருக்கிறான்.

மூன்றாவது பதில்தான் எனக்குக் கஷ்டமானது. அது என்னைப் போன்றவர்களுக்கு. கல்லூரியில் சேர்ந்து, அம்பேத்கரையும் பெரியாரையும் படிக்கத் தொடங்கிய முதல் விடுமுறையில், ஆயாவின் செபமாலையைக் காட்டி நான் சிரித்தேன். "உன்ன ஒதுக்கி வச்ச கோயிலுக்கே போற, வெக்கமா இல்லயா ஆயா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "கோயில் அவனுக்குன்னு யாரு சொன்னா? நான் எதுக்கு அவனுக்கு உட்டுட்டு வரணும்?" என்றார். அன்று அது எனக்கு அடிமைத்தனமாகத் தெரிந்தது. இன்று அப்படித் தெரியவில்லை. ஆயா வெளியேறவில்லை, பணியவும் இல்லை. மாதா தன்னுடையவர் என்பதில் கடைசி மூச்சுவரை ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை. மதத்தை விட்டு வெளியேறுவது ஒரு போராட்டம். பாபாசாகேப் 1956இல் நமக்குக் காட்டியது அந்த வழி. நான் அந்தப் பக்கம் நிற்கிறவள். ஆனால் உள்ளே இருந்துகொண்டு, இடது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நாற்காலியைப் பற்றிக் கேள்வி கேட்ட பெண்களை நம் வரலாற்றிலிருந்து நாமே துடைத்துவிட்டால், சாமியாரின் மறையுரைக்கும் நம் கூட்டத்துக்கும் என்ன வித்தியாசம்? அவர் ஆயாவைப் பொறுமைசாலி என்றார். நாம் ஏமாளி என்கிறோம். இரண்டு பேருமே ஆயாவிடம் கேட்கவில்லை.

என்ன செய்யலாம்

ஆதாரம் என்ற வார்த்தைக்குத் திரும்புகிறேன். 1985இல் சூசையிடம் ஆதாரம் கேட்டார்கள். ஆதாரம் எங்கே இருக்கிறது? நம் ஆயாக்களின் வாயில் இருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். லத்தீன் பூசை காலத்திலிருந்து கோயிலுக்குள் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று தெரிந்த தலைமுறை இன்னும் சில ஆண்டுகளில் இருக்காது. சுவரை ஒரு இரவில் இடித்துவிட்டு, "இங்கே சுவரே இருந்ததில்லை" என்று சொல்லவும் இவர்கள் தயங்கமாட்டார்கள்.

ஆகவே மாணவத் தோழர்களிடம் மூன்று வேலைகள் கேட்கிறேன்.

உங்கள் ஆயாவிடம், பக்கத்து வீட்டு ஆயாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். கோயிலில் எங்கே உட்கார்ந்தீர்கள்? நன்மை வாங்க எப்போது போனீர்கள்? தேர் எந்தத் தெருவரை வந்தது? திருவிழா வரி உங்களிடம் வாங்கினார்களா? சாவு எந்த வழியாகப் போனது? அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே பதிவு செய்யுங்கள். பெயரையும் ஊரையும் வெளியே விடாதீர்கள். யார் வீட்டுச் சான்றிதழ் எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

வரும் நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று எல்லாரும் கல்லறைக்குப் போவோம். மெழுகுவர்த்தி ஏற்றிய பிறகு, சுவரையும் வேலியையும் தனி வாசலையும் அளந்து, படம் எடுத்து, வரைபடமாக எழுதிவையுங்கள். ஆணையமோ நீதிமன்றமோ கேட்கும் நாளில் மறைமாவட்ட வாரியாக நம் கையில் இருக்க வேண்டும்.

உங்கள் ஆயருக்கு எழுதுங்கள். 2016 கொள்கை அறிக்கையை வைத்துக்கொண்டு, நம் பங்கில் எது நடைமுறையானது என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் கேட்டதற்கு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஆதாரம்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து ஆயாவின் கல்லறைக்குச் சிமெண்டு பூசினோம். கொத்தனார் தலைமாட்டில் என்ன வைக்கணும் என்று கேட்டார். இந்த முறை மாமா என்னைப் பார்க்கவில்லை, தரையையும் பார்க்கவில்லை. "சிலுவ வை. பெருசா வை" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் எந்த அதிகாரியும் விசாரணைக்கு வரமாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

போய்வா ஆயா. அடுத்த போஸ்டரில் சிலுவை போடுவதா வேண்டாமா என்பதை, செத்தவரின் நம்பிக்கையைக் கேட்டு முடிவு செய்யும் நாள் வரட்டும். அதற்கான வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஜெய் பீம்!